அடங்கு என்பதா அறிவு?

“சினத்தை விழுங்குங்கள், புன்னகை பூணுங்கள், மேலதிகாரி கடிந்தால் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். இதுதான் மனவெழுச்சி நுண்ணறிவு!”

டோல்கேட்டுக்கு அருகே ஒரு தொழிற்கூடத்தில், ஒப்பந்தத் தொழிலாளர்களை உட்காரவைத்து இப்படிப் பாடம் நடத்தினார்களாம். கேட்டு வந்த தோழர் ஒருவர் மாலையில் நம்மிடம் வினவினார்: “வாத்தியாரே, கூடுதல் நேரம் உழைத்ததற்குக் கூலி எங்கே என்று கேட்டேன். உணர்ச்சியை ஆளும் அறிவு உனக்குப் போதாது என்கிறார்கள். அறிவு என்றால் அடங்கிக் கிடப்பதுதானா?”

கூலி கேட்டவருக்குக் கிடைத்தது குறைமதிப் பட்டம்! அந்தத் தோழருக்குச் சொன்ன விடையையே இங்கு எழுதுகிறோம்.

இந்தச் சொல்லின் வரலாறு நீண்டதன்று. 1920இல் அமெரிக்க உளவியலார் தார்ன்டைக், மனிதரைப் புரிந்து பழகும் திறனைச் சமூக நுண்ணறிவு என்றார். 1983இல் ஹோவர்டு கார்ட்னர், அறிவு ஒன்றல்ல, பல என்றார். 1990இல் சாலவே, மேயர் என்னும் இருவர், தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் கண்டு, பகுத்தறிந்து, அந்தத் தெளிவைச் சிந்தனைக்கும் செயலுக்கும் வழிகாட்டியாக்கும் ஆற்றலே இது என்று வரையறுத்தனர். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பிற்று. ஆய்வேட்டிலிருந்து சந்தைக்கு வந்தது. சந்தையிலிருந்து ஆலைக்கு வந்தது. வந்த வழியில், ‘அறி’ என்பது தேய்ந்து ‘அடங்கு’ என்றாகிவிட்டது!

அடங்கு என்பது புதுச் சரக்கா? பழைய கள், புதிய மொந்தை! சூத்திரனுக்கு மனு விதித்த ஒரே தொழில், மேல் வருணத்தார்க்குப் பணிவிடை. அதோடு விட்டாரா? மனக்காய்ச்சல் இல்லாமல் செய்யவேண்டும் என்றும் விதித்தார். உடலின் உழைப்பு போதவில்லை. உள்ளத்தின் ஒப்புதலும் வேண்டுமாம்! அன்று சாத்திரம் கேட்டதை இன்று சம்பளப் பட்டியல் கேட்கிறது.

தமிழகம் உணர்ச்சியை எப்படிக் கண்டது? உயிர்களை அறிவால் வகுத்த தொல்காப்பியர், ஐந்து அறிவுகளை ஐம்புலன்களுக்கு அளித்தார். மாந்தர்க்குரிய ஆறாம் அறிவாக வைத்தது எதை? மனத்தை! அறிவை அரியணையிலும் மனத்தைச் சிறையிலும் அவர் வைக்கவில்லை. மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை முதலாக எட்டு உணர்ச்சிகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள் காட்டினார். வெகுளி எதனால் பிறக்கிறது? உறுப்பை வெட்டுதல், குடியைக் கெடுத்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல் ஆகியவற்றால். நான்கும் கொடுமைகள் அன்றோ! அழுகையின் காரணங்களுள் இகழப்படுதலும் வறுமையும் உண்டு. அச்சத்தின் காரணங்களுள் கள்வரோடு அரசரும் உண்டு. உணர்ச்சியைக் கண்டதும் ‘அடக்கு’ என்னாமல், ‘காரணம் என்ன?’ என்று கேட்ட அறிவு அது.

வள்ளுவர் வெகுளாமை பேசவில்லையா என்பர். பேசினார், யாரை நோக்கிப் பேசினார் என்று பாருங்கள். தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவனே காப்பவன் என்றார். செல்லாத இடத்துச் சினமும் தீதே. செல்லும் இடத்துச் சினத்தைவிடத் தீயது வேறில்லை என்றார். அப்படியானால் அந்த அறிவுரை முதலில் எவர்க்கு? மேலதிகாரிக்கு! ஆலையில் அடங்கி வீட்டில் மனைவிமேல் பாயும் கணவனுக்கு! பிரம்பை ஓங்கும் ஆசிரியர் கூட்டத்துக்கு, ஆம், நமக்கும்தான்! வலியவனுக்குச் சொன்ன மருந்தை எளியவன் வாயில் ஊற்றுவது எந்த ஊர் மருத்துவம்?

1925இல் தந்தை பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், மானத்தையும் அறிவையும் இணைத்தே மனிதனுக்குக் கேட்டது. மானம் உணர்ச்சி, அறிவு அதன் கண். மானமற்ற அறிவு ஏவலுக்குப் பயன்படும். அறிவற்ற மானம் வெறியாய் எரிந்து சாம்பலாகும். இரண்டும் கூடினால்தான் மனிதன் நிமிர்வான்.

தொலைவில் தேட வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, நமக்கு வடக்கே எண்ணூரில், கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளை அள்ளிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். விடிந்தபின் அவர்கள் அழுது ஓயவில்லை. ஆலையை மூடுக என்று நாள்தோறும் கூடி அமர்ந்தனர். அச்சம் வெகுளியாயிற்று, வெகுளி கேள்வியாயிற்று, கேள்வி கோரிக்கையாயிற்று. எந்தப் பயிற்சி வகுப்பும் கற்பிக்காத மனவெழுச்சி நுண்ணறிவு அது! அன்று அவர்களைப் பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தால், எண்ணி முடிக்க மூச்சு இருந்திருக்குமா?

தோழர்களே, உணர்ச்சியை ஆளக் கற்போம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள்வது வேறு, அடகு வைப்பது வேறு. சினம் வரும்போது மூன்று கேள்விகள் கேட்போம்: காரணம் என்ன? கொடுமை செய்தவன் யார்? நம்மோடு நிற்பவர் எத்தனை பேர்? விடை தெரிந்த சினம் வெறியாகாது; வீணாகவும் போகாது.

அந்தத் தோழர் நம்மிடம் விடைபெறும்போது ஒன்று சொன்னார்: “நாளை நான் மட்டும் கேட்கமாட்டேன், வாத்தியாரே. எல்லோருமாகக் கணக்கெழுதிக் கொண்டுபோய்க் கேட்போம்.”

குறைமதியா அவருக்கு? நிறைமதி!