நிமிடத்திற்கு விலை வைப்பது யார்?

இணையத் தொலைபேசி மலிவு என்கிறார்கள். மலிவுதான், யார் மறுத்தார்? அந்த மலிவைக் கடைத்தெருவில் விற்கிற சிறு வியாபாரி என்ன ஆகிறார் என்பதுதான் நம் கேள்வி.

2002 மார்ச் முடிய வெளிநாட்டுப் பேச்சு விதேஷ் சஞ்சார் நிகாமின் ஏகபோகம். ஏப்ரல் முதல் நாள் அது முடிந்தது; இணையத் தொலைபேசிக்கும் அன்றுதான் அனுமதி. (நிகாமின் நிர்வாகம் பிப்ரவரியிலேயே டாடாவிடம் போய்விட்டது என்பதையும் தோழர்கள் மறக்கவேண்டாம்.) துபாயில் உழைக்கும் மகனோடு பேச, ஊருக்கு ஊர் கணினிக் கடைகளுக்குத் தாய்மார் வந்தார்கள். கடைக்காரருக்குத் தெரிந்த வியாபாரத் தந்திரம் ஒன்றே ஒன்று: பக்கத்துக் கடையைவிட ஐம்பது காசு குறை!

இன்றும் அதே கதைதான். அலுவலகங்களுக்கு இணைப்பு விற்கும் சிறு மறுவிற்பனையாளரும் அந்த ஐம்பது காசைத்தான் நம்புகிறார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடம் 2 ரூபாய்க்கு வாங்கி, 2 ரூபாய் 50 காசுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரி முழு நிமிடமாகக் கணக்கிடுகிறார். இவரோ, 'நொடிக்கு மட்டும் காசு' என்று பலகை எழுதிவிட்டார். 65 நொடி பேச்சுக்கு இவர் கொடுப்பது 4 ரூபாய்; வாங்குவது 2 ரூபாய் 71 காசு. பேசப் பேச நட்டம்! வாடிக்கை பெருகினால் வீழ்ச்சியும் விரைவு.

ஃபாக்ஸோ இன்னும் பொல்லாதது. பேச்சை 8 கிலோபிட்டுக்குள் ஒடுக்கி அனுப்பலாம். ஃபாக்ஸ் அப்படி ஒடுங்காது. 64 கிலோபிட் வேண்டும், இல்லையேல் டி.38 என்னும் தனி முறை வேண்டும். பாதிப் பக்கத்தில் அறுந்தால் மறுபடி அனுப்பவேண்டும். மேலே இருப்பவன் இரண்டு அழைப்புக்கும் காசு வாங்குவான். வாடிக்கையாளர் போய்ச் சேராத பக்கத்துக்கு ஏன் கொடுப்பார்? ஆகவே ஃபாக்ஸுக்கு நிமிட விலை ஆகாது. சேர்ந்த பக்கத்துக்கு இன்ன விலை என்று வைக்கவேண்டும். அறுந்த அழைப்பின் செலவையும் அதற்குள் அடக்கவேண்டும். இணைப்புக்கு மாத வாடகை. பேச்சுக்கு, தாம் வாங்குகிற கணக்கு முறையிலேயே விலை. 18 விழுக்காடு வரி தனியே. இவ்வளவும் எழுதிக் கொடுத்து விற்பவரே நிலைப்பார்.

அதுமட்டும் போதுமா? அழைப்பை முடித்துக் கொடுப்பதற்கு நிறுவனங்கள் தமக்குள் கொடுத்துவந்த கட்டணத்தை, 2017 அக்டோபரில் 14 காசிலிருந்து 6 காசாக்கிற்று டிராய். 2021 ஜனவரியில் அதுவும் ஒழிந்தது. குறைந்த காசு யார் பெட்டியில் விழுந்தது? சிறு வியாபாரிக்கு வரும் பட்டியலில் நிமிட விலை என்று ஒரே எண்தான் நிற்கும் என்றால், அவர் எதைக் கொண்டு கேட்பார்? கட்டணம் தனி, இலாபம் தனி என்று மொத்த வியாபாரி பிரித்துக் காட்டட்டும்! அந்தச் சட்டத்தைத்தான் நாம் கேட்கிறோம்.