நியூட்ரான் உமிழாத அணு இணைவு: பிச்சாட்டூரிலிருந்து எங்கள் நிலைப்பாடு

ஆரணியாற்று அணையையும் போர்வெல்லையும் நம்பிப் பயிர் வைக்கும் பிச்சாட்டூர் மண்டலத்தில், கரண்ட் என்றாலே மோட்டார்தான் நினைவுக்கு வரும். விவசாயிகளும் ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு அணு இணைவு தரக்கூடிய புதிய மின்சாரம் பற்றிப் பேசுவது அதனால்தான். ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகச் செலவிடட்டும். விளையாத பயிருக்கு இன்றே விலை பேசுவதை ஏற்க மாட்டோம்.

புரோட்டானும் போரான்-11-ம் இணைந்தால் மூன்று ஹீலியம் கருக்கள் பிறக்கின்றன. வழக்கமான டியூட்டீரியம்-டிரிட்டியம் இணைவில் ஆற்றலின் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் கொண்டுபோகிறது. உலைச் சுவரும் கதிரியக்கம் ஏறிக் கெடுகிறது. போரானில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஹீலியம் கருக்களுக்கு மின்னூட்டம் இருப்பதால், ஆற்றலில் ஒரு பகுதியை நீராவியும் டர்பைனும் இல்லாமல் நேராக மின்சாரமாக்க வழி உண்டு. குளிர்விக்கும் தண்ணீர் மிச்சமாகும். கோடையில் வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரு கிராம் எரிபொருள் முழுவதும் இணைந்தால் சுமார் 19,000 யூனிட் ஆற்றல்: தினம் 9 மணி நேரம் ஓடும் 5 ஹெச்.பி. மோட்டாருக்கு ஒன்றரை ஆண்டுக்குக் காணும்.

இது ஏட்டுக் கணக்கு. இந்த இணைவுக்கு நூறு கோடி டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்மாவாக மாறிய எரிபொருள் தன் ஆற்றலை எக்ஸ் கதிராக இறைத்துவிடுகிறது. காந்தத்தால் அடைத்த பிளாஸ்மாவில் இந்த இணைவை அளந்ததாக அமெரிக்காவின் டி.ஏ.இ. நிறுவனமும் ஜப்பானின் தேசிய இணைவு அறிவியல் நிறுவனமும் அறிவித்ததே 2023-ல்தான். போரான் இணைவில் போட்டதைவிட அதிகம் எடுத்தவர் எவருமில்லை. இருபது ஆண்டுகளில் இணைவாற்றல் வசப்படும் என்று ஹோமி பாபா ஜெனீவாவில் சொன்னது 1955-ல். அவர் அறிவைக் குறை சொல்லவில்லை; வேலை அவ்வளவு கடினம்.

சந்தை வேறு வாசலில் திறந்திருக்கிறது. டி.ஏ.இ.யின் துகள்கற்றைத் தொழில்நுட்பம் புற்றுநோய்க்கான போரான் சிகிச்சைக் கருவிக்குப் போயிருக்கிறது. நம் நாடு முதலில் குறிவைக்க வேண்டியது இத்தகைய பயன்களைத்தான்.

1989-ல் ஆதித்யா டோகமாக் என்னும் இணைவு ஆய்வுக் கருவியை இயக்கிய காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் போரான் இணைவுக்குத் தனி நிதி வேண்டும். திருப்பதியில் 2015-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.யிலும் ஐசரிலும் எங்கள் பிள்ளைகள் இத்துறையைப் படிக்க இடம் வேண்டும்.

இணைவைக் காட்டி சோலார் பம்ப்செட்டையும் மின்பாதைச் சீரமைப்பையும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. இந்த மின்சாரத்தின் பெயரில் பங்கு, முன்பணம் என்று யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.