சோம்பேறிப் பட்டம் யாருக்கு?

நமது கன்னியாகுமரி ஜில்லாவில் முதலாளிகள் இரண்டு பேர் ஓரிடத்தில் கூடினால் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. அதாவது, வேலையாட்களுக்கு முன்போல் மனமில்லை, திங்கட்கிழமை வந்தவர் செவ்வாய்க்கிழமை வருவதில்லை, வாங்கின முன்பணத்துக்குக்கூட விசுவாசமில்லை என்பதாகும். படித்தவர்கள் என்பவர்களும் இதற்குத் தலையாட்டுகின்றார்கள். சில கனவான்கள் இன்னும் ஒருபடி மேலே போய், கூலியை நினையாமல் உழைப்பதே தர்மம் என்று உபதேசிக்கவும் புறப்பட்டு விடுகின்றார்கள். லாபத்தை நினையாமல் வியாபாரம் செய் என்று எந்த முதலாளிக்காவது இவர்கள் உபதேசித்ததுண்டா என்று கேட்கின்றோம்.

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டியாபீசுகளையே எடுத்துக்கொள்வோம். அங்கே வேலை செய்கின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுக் கை வெந்து கறுக்கின்றது. பகல் முழுதும் உட்கார்ந்து தோடு உடைத்து, தொலி உரித்து, எடைக் கணக்கில் கூலி வாங்குகின்றார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வராவிட்டால் ஆபீசு அடைப்பு. அன்றைக்குக் கூலி கிடையாது. கொல்லத்து வியாபாரிகள் நமது ஜில்லாவுக்கு வந்து ஆபீசு திறந்ததற்கே இங்கே கூலி குறைவு என்பதுதான் முக்கிய காரணம். இந்நிலையில் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் அந்த அம்மாள் எங்கே போவாள்? ஆபீசு முன்பணத்துக்குத்தான் போவாள். முன்பணம் வாங்கியவள் வேறு ஆபீசுக்குப் போக முடியாது. இதற்குப் பெயர்தான் விசுவாசமாம்!

நிற்க. இதே ஜில்லாவிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய், வெயிலில் வெந்து, மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றவர்கள் எத்தனை பேர்! அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லுவதில்லை. விமானம் ஏறியவுடன் ரத்தம் மாறிவிட்டதா? மாறியது கூலி.

பாங்கிக் கணக்கு வந்துவிட்டதே என்பார்கள். வந்தது உண்மைதான். 2014 ஆகஸ்ட்டில் ஜன் தன் திட்டம் தொடங்கி, 2023-க்குள் 50 கோடிக் கணக்குகளுக்கு மேல் திறந்தாயிற்று. அதில் 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று கொடுக்கலாம் என்று 2018 முதல் விதியும் இருக்கின்றது. அண்டியாபீசுப் பெண் போய் அதைக் கேட்டுப் பார்க்கட்டும், அவளுக்கு என்ன மரியாதை நடக்கின்றதென்று! பாஸ் புத்தகம் தாயத்து மாதிரி பெட்டிக்குள் கிடக்கின்றது. கடனுக்கு அவள் போவது குழுக் கடன் கம்பெனிக்கு. நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட வட்டி, வாரத் தவணை, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் தலையில் சுமை. குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாதென்று ரிசர்வ் பாங்கி 2022-இல் விதி செய்தது. எடைக் கூலிக்காரியின் வருமானத்தை எழுதுகின்றவர் யார்? கடன் கொடுக்கும் கம்பெனியின் ஆள்தானே!

பாங்கியை நம்பாதவர்கள் மூடர்கள் என்பாரும் உண்டு. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1938-இல், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் பாங்கி கதவடைத்ததை இவர்கள் மறந்துவிட்டார்கள். 1855-க்கு முன் இந்நாட்டு வயல்களில் உழைத்த அடிமைகளுக்கோ கணக்கு என்பதே கிடையாது. அவர்களே ஒருவருடைய கணக்கில் சொத்தாக இருந்தவர்கள். உழைப்பவன் கையில் காசு இருக்கக்கூடாதென்ற புத்தி அன்றைக்கே ஊன்றப்பட்டதாகும்.

தொழிலாளத் தோழர்களையும் நாம் சும்மா விடப் போவதில்லை. ஆறு மாதத் தவணைக் கடனைக் கொடைக்கும், நேர்ச்சைக்கும், சீதனத்துக்கும் வாரி இறைத்துவிட்டுத் தலைவிதி என்று சொல்லுகின்றவருக்கு எந்தப் பாங்கியும் உதவ முடியாது. சாமி தவணை கட்டியதை நாம் பார்த்ததில்லை.

முதலாளிகளுக்கு ஒரு யோசனை சொல்லுகின்றோம். கூலியை எடை குறையாமல் குறித்த நாளில் அவளுடைய கணக்கிலேயே கட்டுங்கள். ஆபீசு அடைத்த நாளுக்கும் ஏதாவது கொடுங்கள். முன்பணச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். ஒரு வருஷம் அப்படிச் செய்து பார்த்த பிறகும் செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லையானால், அப்பொழுது நம்மிடம் வந்து பேசுங்கள்.