பன்னிரண்டு நாற்காலியில் இரண்டு

மனித உரிமைக் கமிஷன் என்ற பெயரில் ஒரு நகரசபை ஒரு குழுவை அமைக்கிறது; ஊர் மக்களில் சிலரை அதன் அங்கத்தினராக நியமிக்கிறது. சம்பளம் கிடையாது. கூட்டத்திற்கு வருவதும், மகஜர்களைப் படிப்பதும், நகரசபைக்கு யோசனை கூறுவதுமே அவர்கள் வேலை. அமெரிக்க நாட்டின் பல நகரங்களில் இந்த ஏற்பாடு உண்டு. இதனால் பாட்டாளிக்கு ஆகப்போவது என்ன என்று நம் தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சியாட்டில் நகரத்தில் நடந்ததை வைத்தே அதற்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

சியாட்டில் அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள துறைமுக நகரம். அங்கே கறுப்பின மக்கள் மத்திய வட்டாரம் என்ற ஒரே பகுதியில் அடைபட்டுக் கிடந்தார்கள். வேறு பகுதிகளில் வீட்டுப் பத்திரத்திலேயே, கறுப்பருக்கும் ஆசியருக்கும் விற்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமுல் செய்யக் கூடாது என்று 1948ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் என்ன? வீட்டுக்காரனும் தரகனும் வாய்ச்சொல்லாலேயே கதவை அடைத்தார்கள். அதைத் தடுக்க நகரில் சட்டம் இல்லை.

1963 ஜூலையில் இளைஞர்கள் மேயரின் அலுவலகத்திலே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாதமே நகரசபை மனித உரிமைக் கமிஷனை அமைத்தது. அங்கத்தினர் பன்னிரண்டு பேர். அவர்களில் கறுப்பினத்தவர் இருவர்! இளைஞர்கள் விடவில்லை. இந்த முறை நகரசபை மண்டபத்திலேயே நான்கு நாட்கள் அமர்ந்தார்கள். போலீசார் அவர்களில் பலரைக் கைது செய்தார்கள்.

கமிஷன்தான் வந்துவிட்டதே, நாற்காலிக் கணக்கு எதற்கு என்று சொல்லும் நல்லவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாம் அந்தக் கட்சியில் இல்லை. பால்வெட்டுச் சம்பளத்தைப் பற்றி விசாரிக்க ஒரு குழு அமைத்து, உளி பிடித்த கை ஒன்றுகூட அதில் இல்லாமல் போனால் என்ன நடக்கும்? ரப்பர் விலை அவர்களுக்குத் தெரியும். கணக்கும் தெரியும். விடியற்காலை மழையில் மரம் நனைந்தால் அன்று வெட்டில்லை என்பதும், வெட்டிய பிறகு மழை கொட்டினால் மங்கிலுள்ள பாலெல்லாம் மண்ணோடு போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. தோன்றாததை எப்படிக் கேட்பார்கள்? வீட்டு வாசலில் நின்று இல்லை என்ற சொல்லைக் கேட்டவனுக்கே, தரகனிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். ஆகவே நாற்காலியை எண்ணிய அந்த இளைஞர்கள் செய்தது முற்றிலும் சரி.

ஆனால் கமிஷனை ஒன்றுக்கும் உதவாதது என்று தள்ளிவிடவும் முடியாது. நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்யும் சட்டத்திற்கு அது நகல் தயாரித்தது. நகரசபையோ அதை நிறைவேற்றும் துணிவின்றி, 1964 மார்ச்சில் பொது வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவு 54,448; எதிர்ப்பு 115,627. சிறுபான்மையோரின் உரிமையைப் பெரும்பான்மையோரின் வாக்குக்கு விட்டால் வேறு என்ன கிடைக்கும்? ஜனநாயகத்தின் பேரால் பொறுப்பைத் தட்டிக் கழித்த வேலை இது என்றே நாம் கருதுகிறோம்.

1967ல் சாம் ஸ்மித் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 1968 ஏப்ரல் 4ந் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலை நிறுத்தத்திற்குத் துணை நிற்க மெம்பிஸ் நகருக்குப் போயிருந்தபோதுதான் அக்கொடுமை நடந்தது என்பதைத் தொழிற்சங்கத்தார் மறக்கலாகாது. ஏப்ரல் 19ந் தேதி சியாட்டில் நகரசபை வீட்டுரிமைச் சட்டத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. யோசனை கூறும் நாற்காலி ஐந்தாண்டு காத்திருந்தது. வாக்குரிமை உள்ள நாற்காலி கிடைத்த பிறகே காரியம் நடந்தது.

அதே நகரசபை 2023 பிப்ரவரி 21ந் தேதி சாதிப் பாகுபாட்டையும் சட்டப்படி தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுவே. பாதிக்கப்பட்டவர்கள் மண்டபத்திற்கு வந்து வாய் திறந்து பேசினார்கள். லயங்களையே சாதிவாரியாகப் பிரித்து வைத்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட நமக்கு, அதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1999ம் ஆண்டுச் சட்டத்தின்படி சுஹாகாம் அமைந்தது. அதன் அங்கத்தினரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். அது விசாரிக்கலாம், சிபாரிசு செய்யலாம், தண்டிக்க முடியாது. ஊராட்சி மன்றங்களோ இன்னும் மோசம். 1965ல் நிறுத்தப்பட்ட தேர்தலை 1976ம் ஆண்டுச் சட்டம் அறவே ஒழித்துவிட்டது. மன்ற உறுப்பினரை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. தோட்டத்துக்கு அருகிலுள்ள நாற்காலி இதுதான். நம்மவர் ஒருவருக்கு அது கிடைத்தால் மாலை போடுகிறோம், படம் எடுக்கிறோம். அதோடு சரி. அவர் அங்கே என்ன பேசினார் என்று கேட்டவர் உண்டா? தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும்போதுதான் அவர் வீடு எந்தத் தெருவில் என்று தேடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். பக்கத்து நிரையில் வெட்டும் வங்காளதேசத்துத் தோழனுக்கு இந்நாட்டில் வாக்கும் இல்லை, எந்த மன்றத்திலும் நாற்காலியும் இல்லை. அவனுடைய குறையை நம் கிளைக் கூட்டத்தில் யார் எழுப்புகிறார்கள்? பன்னிரண்டில் இரண்டு என்று சியாட்டிலைப் பார்த்துக் கொதிக்கும் நாம், நம் கூட்டத்தையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

நமது யோசனை இதுதான். மன்றத்திற்கு ஆள் நியமிக்குமுன் தோட்டத் தொழிலாளரிடம் பெயர் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு கிளையும் தீர்மானம் நிறைவேற்றி மாநில அரசாங்கத்துக்கு அனுப்பட்டும். ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவரை அடுத்த கிளைக் கூட்டத்திற்கு அழையுங்கள். கிராணிமார் குறிப்பெடுக்கட்டும். எந்தத் தோட்டத்து வீடுகளைப் பற்றி, எந்தத் தேதியில், என்ன பேசினார் என்று கேளுங்கள்.