நாலு திசையா, எட்டு திசையா?

விளையாட்டு யந்திரத்துக்கு எந்தக் கைப்பிடியை வாங்கிப் பொருத்துவது என்பது ஒரு நாவலாசிரியன் மெனக்கெட்டு வாதாட வேண்டிய விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நான் படித்தது இண்டர்மீடியட் வரைதான். மின்சார சாஸ்திரத்தில் எனக்குப் பாண்டித்தியம் கிடையாது. ஆனால் ஒருவன் உயிரைக் கொடுத்துச் செய்த படைப்பை இன்னொருவன் 'எல்லாம் ஒன்றுதானே' என்று கையாளும்போது எழுகிற கோபம் எனக்கு நன்றாகப் பழகிய கோபம். என் கதைகளைச் சுருக்கி வெளியிடுகிறவர்கள் அதைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு காலத்தில் கடைகளில் நின்றுகொண்டிருந்த, காசு போட்டு ஆடும் ஆர்கேட் யந்திரங்களை இப்போது பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். பலகையை அறுத்து ஆளுயரப் பெட்டி செய்து, உள்ளே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, பழைய ஆட்டங்களை அதில் ஓட விடுகிறார்கள். 1997-ல் இத்தாலிக்காரரான நிக்கோலா ஸால்மோரியா தொடங்கிய 'மேம்' என்ற மென்பொருள் இதற்கு வழி செய்தது. நல்ல காரியம். எத்தனையோ ஆட்டங்கள் அழியாமல் தப்பின. அட்சேபணை அதில் இல்லை. பெட்டியெல்லாம் செய்து முடித்து வர்ணமும் பூசிவிட்டு, கடைசியில் ஜாய்ஸ்டிக் வாங்கும் கட்டம் வரும்போது ஒரு கோஷ்டி வந்து சேருகிறது. "எட்டுத் திசைக் கைப்பிடி ஒன்று வாங்கிப் போடு, எல்லா ஆட்டத்துக்கும் போதும்" என்பது இந்தக் கோஷ்டியின் உபதேசம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எட்டுக்குள் நாலு அடக்கம் இல்லையா?

இல்லை என்கிறேன் நான்.

கைப்பிடியின் அடியில் நாலு பக்கமும் நாலு சின்னஞ்சிறு சுவிட்சுகள் உண்டு. தண்டைச் சாய்த்தால் அடிமுனை நகர்ந்து ஒன்றை அழுத்தும். (வலப்பக்கம் சாய்த்தால் அடிமுனை இடப்பக்கம் போகும் என்பதால், பல கைப்பிடிகளில் அழுந்துவது எதிர்ப்பக்கத்துச் சுவிட்சு. புதிதாகக் கம்பி இணைக்கிறவர்கள் இங்கேதான் தலைகீழாகப் போவார்கள்.) எட்டுத் திசைக் கைப்பிடியை மூலைவாட்டாகத் தள்ளினால் பக்கத்துப் பக்கத்துச் சுவிட்சுகள் இரண்டும் சேர்ந்து அழுந்தும். நாலு திசைக் கைப்பிடியில் அது நடக்காது. அடியிலுள்ள தடுப்புத் தகடு மூலைக்குப் போகும் வழியையே அடைத்துவிடுகிறது.

இப்போது 1980-ல் நாம்கோ வெளியிட்ட பாக்-மேனை எடுத்துக்கொள்ளுங்கள். டோரு இவாட்டானி என்பவர் அமைத்தது. சந்து பொந்துகளில் ஒரு மஞ்சள் உருண்டை புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடுகிறது. நாலு பூதங்கள் துரத்துகின்றன. சுடுவதற்கோ குதிப்பதற்கோ பொத்தான் எதுவும் கிடையாது. ஆட்டம் முழுவதும் அந்த ஒரே கைப்பிடியில்தான் இருக்கிறது. அதன் உலகத்தில் மேல், கீழ், இடம், வலம் என்ற நாலு திசைதான் உண்டு. மூலை என்ற ஒன்று படைக்கப்படவே இல்லை. அங்கே எட்டுத் திசைக் கைப்பிடியைக் கொடுத்தால் என்ன ஆகும்? திருப்பத்தில் நீங்கள் மேலே தள்ளுகிறீர்கள். அவசரத்தில் கை கொஞ்சம் வலப்பக்கம் சாய்கிறது. இரண்டு சுவிட்சும் அழுந்துகின்றன. நீங்கள் மேலே என்று நினைத்தது யந்திரத்துக்கு மேலும் வலமுமாகப் போய்ச் சேருகிறது. உருண்டை திரும்ப வேண்டிய சந்தில் திரும்பாமல் நேரே போய்ப் பூதத்தின் வாயில் விழுகிறது. மறு வருஷம் நிண்டெண்டோ கொண்டுவந்த டாங்கி காங் ஆட்டத்தில் ஏணிகளுக்கு அருகே இதே சங்கடம்.

ஆடுகிற பிள்ளை என்ன நினைக்கும்? கைப்பிடியில் கோளாறு என்று அதற்குத் தெரியுமா? "இவ்வளவுதானா உங்கள் பழைய ஆட்டம்? சொன்ன பேச்சே கேட்கவில்லையே!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடும். என்னை உறுத்துவது இதுதான். சாட்சியைக் கலைத்துவிட்டு வழங்கிய தீர்ப்பு அது. அந்தப் பிள்ளை மறுபடியும் பாக்-மேன் பக்கம் திரும்பப் போவதில்லை. மேல் முறையீடு செய்ய இவாட்டானி அந்த வீட்டுக்கு வரப் போவதும் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் நாலு திசைக் கைப்பிடியே போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 1991-ல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் பேர்பெற்ற ஒரு வித்தை உண்டு: கையிலிருந்து நெருப்புப் பந்தை எறிவது. கீழே, பிறகு கீழும் முன்னுமாக மூலை, பிறகு முன்னே என்று கைப்பிடியைக் கால் வட்டமாக உருட்டிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மூலையை அடைத்துவிட்டால் அந்தக் கால் வட்டம் நடுவில் அறுந்துபோகும். ஒருவனுக்கு மருந்து இன்னொருவனுக்கு விஷம் என்பது இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

இரண்டு திசையோடு நிற்கும் ஆட்டமும் உண்டு. வில்லியம்ஸ் கம்பெனியின் டிஃபெண்டரில் (1981) கைப்பிடி மேலும் கீழும்தான் போகும். மற்ற காரியங்களுக்கெல்லாம் ஐந்து பொத்தான்கள். க்யூபர்ட் (1982) ஆட்டத்தில் கைப்பிடியையே 45 டிகிரி திருப்பிப் பொருத்தியிருந்தார்கள், அந்தப் பிராணி சாய்வாகத்தான் குதிக்கும் என்பதால். ரோபோட்ரான் 2084 (1982) ஆட்டத்துக்கு இரண்டு கைப்பிடி: இடது கை நகர்த்தும், வலது கை சுடும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான யூஜின் ஜார்விஸ் கார் விபத்தில் வலது கையை முறித்துக்கொண்டு, கட்டோடு வேலைக்குத் திரும்பிய சமயத்தில் பிறந்த யோசனை அது. பொத்தானைத் தட்ட முடியாத கை, ஒரு தண்டைப் பிடித்துத் தள்ள முடிந்தது. ஒரு மனிதனின் அடிபட்ட கை அந்த ஆட்டத்துக்குள் இருக்கிறது, ஐயா! அதை எடுத்துவிட்டு நாலு பொத்தானைப் பொருத்தி "இதுவும் ரோபோட்ரான்தான்" என்றால் எப்படி?

'மென்பொருளிலேயே சரி செய்துகொள்ளலாம்' என்பது எதிர்க்கட்சியின் பலத்த வாதம். மூலையில் தள்ளினால் இரண்டில் எது வேண்டும் என்று கம்ப்யூட்டரே தீர்மானிக்கும்படி செய்யலாமாம். செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் கைக்கு அது தெரியாதே! நாலு திசைத் தகட்டில் தண்டு போய் முட்டுகிறது. அந்த முட்டுதலைக் கொண்டுதான் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கை தன் இடத்தை அறிகிறது. அந்தச் சுவர் இல்லாவிட்டால் கை காற்றில் துழாவும். நாகஸ்வர வித்வான் வாத்தியத்தோடு உபரிச் சீவாளிகளை ஏன் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்? ஒரு நாணல் துண்டுதானே, மைக்கில் சரி செய்துகொள்ளலாம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் அக்கா மகன் இப்படி ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறான். டெலிபோனில் அவனோடு இந்த வழக்கை நடத்தியிருக்கிறேன். "கதை எழுதற உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு மாமா?" என்று கேட்டான். பிறகு, ஜப்பான் கைப்பிடியா, அமெரிக்கக் கைப்பிடியா என்று அவனே என்னைக் கேட்டான். அதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஜப்பான் கைப்பிடியின் தலை உருண்டை. ஸான்வா கம்பெனியுடையது 35 மில்லிமீட்டர் விட்டம். தண்டு மெல்லியது, வில் மிருது. உட்கார்ந்து ஆடும் யந்திரங்களுக்கு ஏற்றது. விரல் இடுக்கில் தண்டை வைத்து அடியிலிருந்து ஏந்திப் பிடிக்கிறவர்கள் பலர். அமெரிக்கக் கைப்பிடியின் தலை நீண்டது, குண்டுக் கத்திரிக்காயை நிமிர்த்தி வைத்தாற்போல. வில் விறைப்பு. நின்றுகொண்டு முஷ்டியால் பிடித்து ஆடுகிற ஜனங்களின் முரட்டுத்தனத்தைத் தாங்க வேண்டியிருந்தது அதற்கு. இதில் ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று சண்டை போடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஜப்பான் சரக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது இப்போது ஒரு நாகரிகமாக இருக்கிறது. பாக்-மேனையும் டாங்கி காங்கையும் அமெரிக்கக் கடைகளில் நின்று ஆடி வளர்ந்தவருக்கு அந்த மிருதுவான தண்டு கொழகொழவென்றுதான் இருக்கும். அவர் சொல்வதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்?

சத்தத்தையும் மறக்கக் கூடாது. இப்போதைய மைக்ரோ சுவிட்சு 'டிக் டிக்' என்று பேசும். ஆரம்ப காலத்து அமெரிக்க யந்திரங்கள் பலவற்றில் இருந்தவை இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். ஒன்றையொன்று ஓசையின்றித் தொடும். தளர்ந்துபோனால் லேசாக வளைத்துச் சரி செய்துகொள்ளலாம். அந்த மௌனத்தை விரும்புகிறவர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். பைத்தியக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பைத்தியக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பலகையில் நாலு பேருக்கு நாலு கைப்பிடி, நடுவில் பந்து, பக்கத்தில் சக்கரம், இருபது முப்பது பொத்தான்கள் என்று கல்யாணப் பந்தி இலை மாதிரி பரப்பி வைக்கிறார்களே, அங்கே! ஒரு கைப்பிடியே போதும் என்பவனுக்கும் இவனுக்கும் பகை இருப்பதாகத் தோன்றும். இருவரும் உண்மையில் பங்காளிகள். இரண்டு பேரும் தேர்ந்தெடுக்க மறுக்கிறார்கள். எல்லா ஆட்டமும் வேண்டும் என்கிறவன் எந்த ஆட்டத்தையும் உட்கார்ந்து ஆடப் போவதில்லை. ஆயிரக் கணக்கான ஆட்டங்கள் பெட்டிக்குள் இருக்கின்றன என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வான், அவ்வளவுதான்.

என் யோசனை சுலபமானது. கைப்பிடி வாங்குமுன் ஒரு காகிதத்தில் நீங்கள் உண்மையாகவே ஆடப் போகிற பத்து ஆட்டங்களின் பெயரை எழுதுங்கள். ஏழு சந்து பொந்து ஆட்டமாக இருந்தால் நாலு திசைக் கைப்பிடி. ஏழு சண்டை ஆட்டமாக இருந்தால் எட்டு. சரிபாதி என்றால் சண்டைக்காரர்களுக்கு இரு பக்கமும் எட்டுத் திசையாக இரண்டு வைத்துவிட்டு, நடுவே மேலாக நாலு திசைக் கைப்பிடி ஒன்று தனியாக வையுங்கள். அதற்கு இடமில்லையென்றால், தகட்டைத் திருப்பி நாலும் எட்டுமாக மாற்றிக்கொள்ளக்கூடிய கைப்பிடிகள் கிடைக்கின்றன. தகட்டைத் தொட வழியாகப் பலகையைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்துகொள்ள வேண்டும். பந்து வேண்டிய ஸென்டிபீடையும் திருகு குமிழ் வேண்டிய டெம்பெஸ்டையும் அந்தப் பெட்டியில் ஆடாமல் விட்டுவிட நெஞ்சுரம் வேண்டும்.

பலகையில் துளை போடுவதற்கு முன்னால் ஓர் அட்டையில் அதே அளவுக்கு வெட்டிக் கைப்பிடியைச் செருகி, நிற்கிற உயரத்தில் வைத்து ஒரு சாயங்காலம் பிடித்துப் பாருங்கள். வீட்டில் யாராவது சிரித்தால் அவர்கள் கையிலும் கொடுத்துப் பாருங்கள்.