சொந்தக் கூரை

வாடகை மனையில் மாமரம் வைப்பவர் பழத்தை எண்ணி மகிழலாம், மரம் அவருடையதன்று. இணையத்தில் லட்சக்கணக்கானோர் தத்தம் விருப்பப்படி இலவசமாகப் பக்கங்கள் அமைத்துக் கூடிய இடம் ஜியோசிட்டீஸ். யாஹூ கம்பெனியார் 1999-இல் அதை வாங்கினார்கள். அமெரிக்காவில் 2009 அக்டோபரில் மூடியும் விட்டார்கள்.

அடுத்த மாதமே, ரசிகர்கள் 2007-இல் தொடங்கிய சங்கமொன்று ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் களஞ்சியத்தை எல்லோருக்கும் திறந்தது. பிடித்த நவீனங்களின் பாத்திரங்களைக் கொண்டு புதுக்கதை புனைவது இவர்களுடைய பொழுதுபோக்கு. (பைத்தியக்காரத்தனம் என்போர் சொல்லட்டும், 2019-இல் ஹ்யூகோ பரிசு கிடைத்திருக்கிறது.) விளம்பரமில்லை, கட்டணமில்லை, யந்திரங்கள் சங்கத்துக்கே சொந்தம். தொண்டர்களின் உழைப்பாலும் வாசகர்களின் நன்கொடையாலும் நடக்கிறது.

நன்கொடை என்றதும் முகஞ்சுளிக்கும் நேயர்களை ஒன்று கேட்கிறோம்: இலவச இடம் பூட்டப்பட்டால் எவரிடம் மனுக் கொடுப்பீர்கள்?