மாரிக்கு ஏற்ற துவிச்சக்கரவண்டி

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று கடலிலிருந்து வீசத் தொடங்கியதும், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோர் தம் அன்றாட காரியங்களை மழைக்கு இடையிலேயே செய்துகொள்ள வேண்டியவராகின்றனர். விதைப்புக்கு, வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையின் வயல்களுக்குப் போகும் உழவருக்கும், வாவியைக் கடந்து பாடசாலைக்கு வரும் மாணவருக்கும், விடியுமுன் மீன்பெட்டியைக் கரியரில் கட்டிப் புறப்படும் வியாபாரிக்கும் துவிச்சக்கரவண்டியே இன்றும் உற்ற வாகனம். 2022இல் எரிபொருள் அருகிப்போன மாதங்களில் உத்தியோகத்தரும் வர்த்தகரும்கூட மீண்டும் அதனை நாடினர். இத்தகைய அத்தியாவசியமான சாதனத்தை வாங்கும்போது நம்மவருட் பலர், குறிப்பாக இளைஞர், அதன் வர்ணத்தையும் கியர்களின் தொகையையும் நோக்குகின்றனரேயன்றி, மார்கழி மழையில் அது என்ன ஆகும் என்று நோக்குவதில்லை என்பது எனக்குப் பெரிதும் விசனமளிக்கிறது.

ஐரோப்பாவின் குளிர்தேசங்களிலே வீதியிற் படியும் பனிக்கட்டியை உருக்குவதற்கு உப்பைத் தூவுவர். அவ்வுப்பு நீர் தெறித்துச் செயினையும் றிம்மையும் அரித்துவிடும் என்று அஞ்சி, அங்குள்ள சைக்கிளோட்டிகள் தமது மெல்லிய பந்தய வண்டியை உள்ளே வைத்துவிட்டு, மட்காட் பூட்டிய வேறொரு வண்டியைக் குளிர்காலத்துக்கென வைத்திருப்பர். நமக்கோ உப்பை எவரும் தூவ வேண்டியதில்லை. ஒருபுறம் கடலும் மறுபுறம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர் வாவியுமாக, ஆண்டு முழுவதும் காற்றே அதனைச் சுமந்து வருகிறது. இரண்டாவது வண்டி வாங்கும் சக்தியும் நம்மிற் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆகவே வாங்குகின்ற ஒன்றே மாரிக்கும் ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அத்தகைய வண்டியின் முதல் லட்சணம் மட்காட் என்பேன். நம் தந்தையர் ஏறிச் சென்ற ரலி, ஹம்பர் வண்டிகளில் சில்லின் பெரும்பாகத்தை மூடிய இரும்பு மட்காட்டும், பல வண்டிகளில் செயின் முழுவதையும் மறைத்த கவரும் இருந்தன. அவை அலங்காரமாக அமைந்தவையல்ல. முன்சில்லு வாரியெறியும் சேறும் மணலும் நேரே சென்று விழுமிடம் செயினும் பெடல் அச்சும்தான். எண்ணெயோடு கலந்த மணல் ஒவ்வொரு சுழற்சியிலும் பற்சக்கரத்தைத் தேய்க்க, ஒரு மாரி கழிவதற்குள் செயின் தளர்ந்து வழுவத் தொடங்குகிறது. இன்று விற்பனைக்கு வரும் வண்டிகள் பலவற்றில் மட்காட் அடியோடு இல்லை, அல்லது கைப்பிடி அகலமுள்ள பிளாஸ்டிக் துண்டொன்று பெயருக்கு மாட்டப்பட்டிருக்கிறது. பந்தய வண்டிகளிலோ சில்லுக்கும் சட்டத்துக்குமிடையே மட்காட் பூட்ட இடமே இருப்பதில்லை. பின்னர் பூட்டிக்கொள்ளலாம் என்று எண்ணி அவற்றை வாங்குபவர் ஏமாறுவர்.

ரயர் விஷயமும் இதனோடு பிணைந்தது. 23, 25 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயர் பிரதான வீதியில் விரைந்தோடும். ஆயின் மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உள்வீதிகளில் இறங்கினால், மழையில் ஊறிய கிறவலில் அது புதைந்து நின்றுவிடும். பழைய 28 அங்குலச் சில்லின் ஒன்றரை அங்குல ரயர், காற்றைச் சற்றே குறைத்துவிட்டால், அவ்வீதிகளை அமைதியாகக் கடக்கும்.

பிறேக்கைப் பொறுத்தவரை பழைய வண்டிகளைப் புகழ நான் முன்வரேன். மழையில் நனைந்த இரும்பு றிம்மைப் பிறேக் கட்டை பற்றாது வழுக்குவது உயிராபத்து. அலுமினிய றிம் அதனினும் மேலானது. டிஸ்க் பிறேக் றிம்மின் ஈரத்துக்கு அஞ்சாதாதலால் யாவற்றினும் சிறந்தது. எனினும் அதன் உதிரிப்பாகம் நம் ஊர்க் கடையிற் கிடைக்குமா என்பதை விசாரித்த பின்னரே அதனைத் தெரிந்துகொள்ளல் விவேகம். சட்டத்திலும் இவ்வாறே: அலுமினியம் துருவேறாது, ஆனால் முறிந்தால் அதனை ஒட்டத்தக்க கம்மியர் அரியர்; இரும்பு துருவேறும், ஆனால் எந்த வெல்டிங் பட்டறையிலும் உயிர்பெறும். இரும்புச் சட்டமாயின், ஆசனத் தண்டு வழியே உள்ளிறங்கும் மழைநீர் வடிவதற்குப் பெடல் அச்சுக்குக் கீழே சிறு துவாரம் உண்டா என்று குனிந்து பார்த்து வாங்குக. அத்துவாரம் அற்ற சட்டம் உள்ளிருந்தே அரிபட்டு ஒருநாள் எச்சரிக்கையின்றி முறியக்கூடும்.

2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரும், யுத்தம் ஓய்ந்த பின்னரும், பரோபகார ஸ்தாபனங்கள் இப்பிரதேசத்தில் துவிச்சக்கரவண்டிகளைத் தானமாக வழங்கின. வறிய மாணவர்க்கு அவற்றை வழங்கும் நற்பணி இன்றும் நடைபெறுகிறது. அவ்வாறு வழங்குவோரிடம் நான் விநயமாகக் கேட்பது இதுதான்: தொகையாகக் கொள்வனவு செய்யுமுன், முழு மட்காட், செயின் கவர், அகன்ற ரயர், அலுமினிய றிம் ஆகியவற்றை விலைக்கோரலிலேயே நிபந்தனையாக எழுதுங்கள். நூறு வண்டிக்குரிய பணத்தில் தொண்ணூறுதான் வாங்க முடியுமாயின் தொண்ணூறே வாங்குங்கள். படுவான்கரைப் பிள்ளை பாடசாலைக்குச் செல்ல வேண்டிய மாதங்களுள் கார்த்திகையும் மார்கழியும் தையும் அடங்குகின்றன.